நான் சொல்லி நிறுத்திய மாத்திரை

மோகனூர் கடைவீதியில் நான் மருந்துக்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிறந்து வளர்ந்தது சேலத்தில். டிப்ளமோ பார்மசி படித்து முடித்து, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். வந்த புதிதில் 'சேலத்துப் பொண்ணு' என்றார்கள். ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போவதைப் பார்த்து, கொஞ்ச நாளில் 'வேதக்காரப் பொண்ணு' ஆனேன். பிறகு அது 'மெடிக்கல் அக்கா' என்று நிலைத்துவிட்டது.

இந்தப் பக்கத்து ஜனங்கள் நாமக்கல், கரூர், சேலம் என்று எந்த ஊர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாலும் சீட்டை என்னிடம் ஒருமுறை காட்டாமல் மாத்திரையை வாயில் போட மாட்டார்கள். மருந்தை அங்கேயே வாங்கியிருந்தாலும் பையை அவிழ்த்து என் கவுண்டரில் கொட்டுவார்கள். "ஏனுங்கக்கா, இது எதுக்குங்க? சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" நான் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குவேன். டாக்டர் சொன்னால் பாதி, நான் சொன்னால்தான் முழுசு. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

அந்தக் குழந்தை முதலில் என் கடைக்கு வந்தபோது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அம்மா பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்கும் வேலைக்குப் போனாள். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆபரேட்டர். போர் போடுவதற்கு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டியோடு போய்விட்டால் திரும்பி வர ஐந்தாறு மாதம் ஆகும்.

குழந்தைக்கு முழங்காலுக்கு மேலே வலி என்று அம்மா தைலம் வாங்க வந்தாள். விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை வந்தபோது குழந்தையை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. சூடாகவும் இருந்தது.

"தைலம் போட்டது போதுங்க. நாளைக்கே நாமக்கல் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துருங்க," என்றேன்.

எலும்பில் புற்றுநோய். நாமக்கல்லில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், இன்னும் தாமதிக்காமல் வந்தது நல்லது என்றிருக்கிறார். அந்த அம்மா ஊருக்குத் திரும்பியதும் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் கடைக்கு வந்து, கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதாலதானுங்கக்கா கண்டுபுடிச்சோம்," என்றாள். அன்றைக்கு நான் சொன்னது சரியாக இருந்தது. அதனால்தான் பிறகு நான் சொன்ன தப்பையும் அவள் அப்படியே நம்பினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் வைத்தியம் நடந்தது. மருந்து ஏற்றினார்கள், கரன்ட் என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். சேலத்திலிருந்து திரும்பும் நாளெல்லாம் அம்மா காய்கறி வாங்கப் போகும்போது குழந்தையை என் கடையில் விட்டுவிட்டுப் போவாள். முடியெல்லாம் கொட்டி, தலையில் துணித்தொப்பி போட்டிருப்பாள். சும்மா உட்காரத் தெரியாது. அலமாரியில் இருக்கும் பெட்டிகளை எடுத்துக் காலாவதித் தேதி படிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. "அத்தை, இது அடுத்த மாசம் செத்துப்போயிருமுங்க," என்று ஒரு சிரப்பை எடுத்து நீட்டுவாள். ஒருமுறை நான் கவனிக்காமல் விட்ட, தேதி முடிந்த பாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உள்ளே வரும்போதே, "நான் பாத்தாத்தான் உங்க கடை உருப்படும்," என்று சொல்லிக்கொண்டே வருவாள். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

எட்டு வயது முடிந்த பிறகு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுரையீரலிலும் இடுப்பிலும். இனிமேல் மருந்து ஏற்றினால் குழந்தைக்குச் சிரமம்தான் கூடும், குணம் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியில் நோய் தணிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே அனுப்பினார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நர்ஸ் ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று சொல்லி மருந்தும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பங்குனி மாதத்து மத்தியான வெயில். கடையில் வேறு யாருமில்லை. அம்மா குழந்தையை ஒரு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பையோடு என்னிடம் வந்தாள். வழக்கம்போல எல்லாவற்றையும் கவுண்டரில் எடுத்து வைத்தாள். மலச்சிக்கலுக்கு ஒரு சிரப். சின்ன மாத்திரை, மூன்று அட்டை. ஒரு தாள். தாளில் யாரோ பொறுமையாகத் தமிழில் எழுதியிருந்தார்கள்: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ஒவ்வொரு வேளைக்கும் அரை மாத்திரை. இரவு பத்து மணிக்கு மட்டும் ஒன்று. வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழே ஒரு போன் நம்பர்.

நான் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். மார்ஃபின்.

என் கடையில் அதை நான் வைத்ததில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் வைத்து எனக்குத் தெரியாது. படிக்கிற காலத்தில் அந்தப் பெயர் எங்களுக்குப் போதைப்பொருள் சட்டத்தைப் பற்றிய பாடத்தில் வந்தது. இரட்டைப் பூட்டு, தனிப் பதிவேடு, தப்பு நடந்தால் சிறை என்று மனப்பாடம் செய்தோம். ஒரு குழந்தையின் வலி அந்தப் பாடத்தில் எங்கேயும் வரவில்லை.

"இதை யாருக்குங்க குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குத்தானுங்கக்கா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வலிக்குன்னாங்க. மணி பாத்துத் தவறாமக் குடுக்கோணும்னாங்க. ஏனுங்கக்கா?"

"இது ரொம்ப வீரியமான மருந்துங்க. பெரியவங்களுக்கே பாத்துப் பாத்துத்தான் குடுப்பாங்க. பழக்கமாயிரும். மூச்சு மந்தமாயிரும்னு படிச்சிருக்கேன். எட்டு வயசுக் குழந்தைக்கு…"

முடிக்காமல் நிறுத்தினேன். அவள் அட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்போ குடுக்க வேண்டாமுங்களா?"

அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. தாளில் நம்பர் இருந்தது. என் போன் பக்கத்திலேயே இருந்தது. கூப்பிட்டு, "நான் மோகனூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இந்த அளவு சரியா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று அந்த அம்மா எதிரில் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

"தாங்கவே முடியாமப் போனா மட்டும் குடுங்க. அதுவரைக்கும் இது போதும்," என்று பாராசிட்டமால் சிரப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"சரிங்கக்கா. நீங்க சொன்னாச் சரிங்க."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். இந்த மாத்திரையை ஆரம்பித்தால் குழந்தையின் கதை முடிந்தது என்று அவளும் பயந்துகொண்டு வந்திருக்கிறாள். ஆரம்பிக்காமல் இருக்க நான் ஒரு வழி சொல்லிவிட்டேன். குழந்தைக்காகப் பயந்துதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், எனக்காகவும் பயந்திருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால், 'மெடிக்கல் அக்கா குடுக்கச் சொன்னாங்க' என்று பேச்சு வந்துவிடுமே என்ற பயம் அது. கொடுக்காதே என்று சொன்னதற்காக யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

ஐந்தாம் நாள் அவள் இன்னொரு பாட்டில் சிரப் வாங்க வந்தாள். கண் குழிந்திருந்தது.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நோவுதுன்னு சொல்றதில்லீங்க. பல்லைக் கடிச்சுக்கறா. நெஜமாலுமே தாங்க முடியலைன்னா சொல்லு சாமின்னு சொல்லி வெச்சிருக்கேனுங்க. இன்னும் சொல்லலீங்க."

"தைரியமான பொண்ணு," என்றேன் நான். "நான் செபம் பண்ணிக்கறேன்."

செபமும் செய்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது மிகவும் வெட்கமாக இருக்கிறது.

பதினோராம் நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு, தான் சேலத்திலிருந்து வருவதாகவும் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார். முந்தின வாரமே வந்திருக்க வேண்டியவர். அவர் ஒருத்தர்தான் அந்தப் பக்கம் முழுக்கப் பார்க்கிறார். வேறொரு வீட்டில் ஒரு குழந்தைக்கு மோசமாகிவிட்டதால் வர முடியாமல் போயிருக்கிறது.

"மூணு அட்டையில ஒரே ஒரு பாதி மாத்திரைதான் குறைஞ்சிருக்கு," என்றார். "ஏழாம் நாள் ஒரு தடவை குடுத்திருக்காங்க. குழந்தை அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கு. அவ்வளவு நாளா வலியில தூங்காத குழந்தை, வலி விட்டதும் தூங்கிடுச்சு. இவங்க பயந்து நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, மெடிக்கல் அக்கா சொன்னாங்கன்றாங்க."

நான் கவுண்டரில் கிடந்த அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலைக்கா. எத்தனையோ டாக்டர்களே இப்படித்தான் சொல்றாங்க. ஆனா நான் எவ்வளவு சொல்லியும் அந்தம்மா கேக்கலை. நீங்க வந்து சொன்னாத்தான் குடுப்பாங்க. வர்றீங்களா?"

கடையைச் சாத்திவிட்டு அவர் வண்டியில் பின்னால் ஏறினேன். வழியெல்லாம் அவர் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். எடைக்குத் தகுந்த அளவில், மணி பார்த்துக் கொடுத்தால் குழந்தைகளுக்கும் இது பயமில்லாத மருந்து. வலிக்காகக் கொடுக்கும்போது போதைப் பழக்கம் ஆவதில்லை. வலி வந்த பிறகு கொடுத்தால் மருந்து அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். வருவதற்கு முன்னால் கொடுத்தால் வலி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கரும்புக் காட்டுக் காற்றில் பாதி வார்த்தைதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

வீட்டு வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். சத்தீஸ்கரிலிருந்து மூன்று நாள் முன்புதான் வந்திருக்கிறார். உள்ளே டிவியில் பொம்மைப் படம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் முனகல் கேட்காமல் இருப்பதற்காக அவர்தான் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அவள் கட்டிலில் ஒருக்களித்து, காலை மடக்கிப் படுத்திருந்தாள். கட்டிலின் நைலான் பட்டையைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். என் கடையில் ஒரு நிமிடம் சும்மா இருக்காதவள், நான் வந்து நின்றதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. பேசினால் வலிக்கும் என்பதுபோல மூச்சைக்கூட அளந்து விட்டாள். நெற்றியில் கை வைக்கப் போனேன். "தொட்டா நோவுதுங்களாம்," என்றாள் அம்மா. கையை எடுத்துக்கொண்டேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வதற்குத்தான் வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "இப்பக் குடுக்கலாங்க," என்றேன். என்னமோ இப்போதுதான் அதற்குக் காலம் வந்ததுபோல. நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாவைக் கரண்டி எடுத்து வரச் சொன்னார்.

அரை மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, தேன் கலந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். பாட்டில் பாட்டிலாக, அட்டை அட்டையாக மருந்து விற்றிருக்கிறேன். ஒரு மருந்து ஒரு உடம்புக்குள் போய் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் பட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. புருவத்துக்கு நடுவில் இருந்த மடிப்புப் போனது. மடங்கியிருந்த கால் மெல்ல நீண்டது. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, டிவி சத்தத்தைக் கொறைங்கப்பா."

அப்பா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, அப்படியே வெளியே போய்விட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நல்லது செய்தவள்போல அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, அதில் பாதி தின்ற தக்காளிச் சோறு. மருந்து அட்டையை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது ரெண்டு வருசம் உசுரோட இருக்குமுங்க," என்றாள். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது முன்னாடியே இருந்துச்சுங்களா?"

அம்மா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல சாமி," என்றேன். "இப்பத்தான் வந்துச்சு."

"அப்படிங்களா," என்று அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். என்னை முழுசாக நம்பிவிட்டாள். அம்மா திரும்பி உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குக் கொடுத்த காபியை அவள் கொண்டுவரவில்லை. அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஐந்து வாரம் கிடைத்தது. வலியே இல்லாத ஐந்து வாரம் என்று சொல்ல மாட்டேன். சில நாள் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது, சில நாள் மூச்சு வாங்கியது. ஆனால் அவள் அவளாக இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினார்கள். அவள்தான் எல்லோரையும் அதட்டினாள். நர்ஸ் வாரம் இரண்டு தடவை வந்தார். மருந்து மட்டுமல்ல, குழந்தை என்ன கேட்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், அம்மா தூங்குகிறாளா, அப்பா யாரிடமாவது பேசுகிறாரா என்றெல்லாம் பார்த்தார். இதெல்லாமும் வைத்தியத்தில் சேர்த்தி என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பா வேலை செய்வதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவருடைய முதலாளி ஒப்புக்கொண்டார். பரமத்திப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போடப் போகும் வண்டியில் அவரையே வேலை பார்க்கச் சொன்னார். நர்ஸ் உட்கார்ந்து திட்டம் போட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புவது, வண்டி குலுங்கினால் வலிக்குமே, அதற்குக் கிளம்பும் முன்னால் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது, எங்கே நிழலில் கட்டிலைப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

முந்தின நாள் அப்பா கடைக்கு வந்தார். "நீங்களும் வாங்கக்கா. பாப்பா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

"நாளைக்குச் சரக்கு வருதுங்க. கடையை விட்டு வர முடியாதுங்க," என்றேன். மறுநாள் சரக்கு எதுவும் வரவில்லை. அந்த அம்மா பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியமில்லை.

அவர் எனக்கு வீடியோ அனுப்பினார். அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட் அவள் தலையில் கண்ணை மறைத்தபடி இருக்கிறது. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். ரிக் இரைகிறது, புகைபோலக் கல்தூசு கிளம்புகிறது. திடீரென்று தூசு நின்று சேற்றுத் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. எல்லோர் மேலும் தெறிக்கிறது, அவள் மூக்கிலும் ஒரு சொட்டு. "எத்தனை அடி அம்மணி?" என்று அப்பா கேட்கிறார். "அறுநூத்தி நாப்பது," என்கிறாள், பத்து வருடம் அந்த வேலை பார்த்தவள்போல. வீடியோ அதோடு முடிகிறது. என் போனை மாற்றியபோது மற்ற எல்லாம் போனாலும் பரவாயில்லை என்று அதை மட்டும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு காலை வேளையில், வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். கஷ்டப்படவில்லை என்று நர்ஸ் சொன்னார். தலையில் முடி கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். சொல்ல வந்ததை இந்தத் தடவை சொல்லிவிட்டேன்: எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன், போன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. குழந்தையிடமும் பொய் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை.

"நீங்க சொன்னீங்க, சரி. குடுக்காம வெச்சிருந்தது நானுங்கக்கா. அவ பல்லைக் கடிச்சுட்டுக் கெடந்தப்ப பக்கத்துல இருந்தது நானுங்க. மாத்திரை அலமாரியில இருந்துச்சு. எந்திரிச்சு எடுக்கோணும், அவ்வளவுதான். பதினோரு நாள்ல ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நீங்க மன்னிப்புக் கேட்டா எனக்கு மறுபடி அதையெல்லாம் நெனைக்க வேண்டியிருக்குதுங்க. கேக்காதீங்க."

அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு வருவதில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள கடையில் வாங்குகிறாள். எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா," என்று கேட்பாள். என்னால் அவளுக்குள் இறங்கிய பாரத்தை நான் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, பங்கு போட்டுக்கொள்ளவும் அவள் விடவில்லை.

சேலத்துக்குப் போயிருந்தபோது சின்ன வயதில் போன கோயிலிலேயே பாவசங்கீர்த்தனம் செய்தேன். இளம் சாமியார். முழுசாகக் கேட்டார். "நல்ல எண்ணத்தோடதானேம்மா சொன்னீங்க. அது பாவமில்லை," என்று பரிகாரமாக மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் நின்றபோது, பாவமில்லை என்று அவர் சொன்னதே எனக்குத் தண்டனையாக இருந்தது. பெரிய தண்டனை ஏதாவது கொடுத்திருந்தால் செய்து முடித்திருப்பேன்.

அந்த நர்ஸ்தான் என்னை ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார். சேலத்தில் இரண்டு நாள். பெரும்பாலும் நர்ஸுகள், மருந்துக்கடைக்காரர்கள் நாங்கள் மூன்று பேர். குழந்தைகளுக்கான நோய் தணிப்புச் சிகிச்சை என்பது கடைசி நாட்களுக்கு மட்டுமானதல்ல என்று அங்கேதான் முதலில் கேட்டேன். மூளை வளர்ச்சி பாதித்த குழந்தை, தசை தளரும் குழந்தை, இருதயக் கோளாறோடு பிறந்த குழந்தை எல்லோருக்கும் அது வேண்டும், நோய் தெரிந்த நாளிலிருந்தே வேண்டும்.

பாடம் எடுத்த டாக்டர் ஒரு உலக வரைபடத்தைத் திரையில் போட்டார். உலகத்தில் இந்தச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை என்றார். சில நாடுகளில் மருந்தே இல்லை. சில இடங்களில் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறது. சில இடங்களில் மருந்து இருக்கிறது, குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று கற்ற டாக்டர் இல்லை. இன்னும் சில இடங்களில், குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குழந்தை விஷயத்தில் இது எதுவுமே தடையாக இருக்கவில்லை. மருந்து இருந்தது. சட்டப்படி கொடுத்தார்கள். கற்ற டாக்டர் இருந்தார். தாய்மொழியில் பொறுமையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ தேசங்களில் போய்ச் சேராத மருந்து, அவள் படுத்திருந்த கட்டிலுக்கு மூன்று கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அங்கே நான் நின்றிருந்தேன்.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த நர்ஸோடு வீடுகளுக்குப் போகிறேன். போன வாரம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீடு, அதற்கு முந்தின வாரம் திருச்செங்கோட்டுப் பக்கம். மற்ற மருந்துக்கடைக்காரர்கள் கூடும் இடத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "நமக்கெதுக்குங்க இந்த வம்பு," என்றார். அவரிடம் வாதாடவில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாதம் நாமக்கல்லில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர் ஒருவர் போன் செய்தார். யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். தங்கை மகள், மூன்று வயது, அதே மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்களாம்.

"இதைக் குடுக்கலாங்களா? பழக்கமாயிடாதுங்களா?"

"ஆகாதுங்க. எழுதிக் குடுத்த அளவு மாறாம, மணி தவறாமக் குடுங்க. அழுவறவரைக்கும் காத்திருக்காதீங்க. கூடவே மலச்சிக்கல் மருந்தையும் விடாதீங்க. குழந்தை தூங்குச்சுன்னா முதல்ல அசதியாத்தான் இருக்கும், பயந்துக்காதீங்க. எழுப்பியும் எந்திரிக்கலை, இல்ல மூச்சு மெதுவாப் போற மாதிரி தெரிஞ்சா, உடனே தாள்ல இருக்கற நம்பருக்குக் கூப்புடுங்க. நானும் இப்ப அவங்ககிட்டச் சொல்லி வெக்கறேன்."

"சரிங்கம்மா. நீங்க சொன்னா வீட்ல கேப்பாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், இன்னொரு தடவை சொல்லிடறீங்களா?"

சொன்னேன். எல்லாமாக மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, சேலத்துக்கு நர்ஸுக்கும் போன் செய்தேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டு, பாப்பா அழாமல் இருக்கிறாள், பால் குடித்தாள் என்றார். "சந்தோசங்க," என்று போனை வைத்தேன். பிறகு கதவைப் பாதி இழுத்துவிட்டு, உள்ளே ஸ்டூலில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ, "அக்கா, கடை இருக்குதுங்களா?" என்று கூப்பிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து போனேன்.